அக்கா பார்த்துக் கேட்ட பாட்டுகள்

ஓமலூர் போகும் டவுன் பஸ்ஸில் அந்தக் காலத்துப் பாட்டைப் போட்டால் எனக்கு ஏதோ குறைகிற மாதிரி இருக்கிறது. பாட்டு என்னவோ சரியாகத்தான் இருக்கும். அதே குரல். புல்லாங்குழலும் அதே இடத்தில் வரும். ஆனால் அடியில் தறி ஓடாது. வெறும் பாட்டாக வந்து காதில் விழும்போது, கூட்டத்தோடு பார்த்துப் பழகிய ஓர் ஆளை முதன்முதலாகத் தனியாகப் பார்ப்பது போலக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருக்கும். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

எண்பதுகளின் கடைசியில் வந்த பாட்டுகள் எல்லாம் எனக்கு விசைத்தறியோடு சேர்ந்தே வந்தவை. ஜலகண்டாபுரத்தில் நாங்கள் வேலை செய்த பட்டறை நீளமாக, ஓடு வேய்ந்து, ஒரு பக்கம் மட்டும் ஜன்னல் வைத்தது. வெயில் ஏற ஏற ஓட்டுச் சந்துகளில் இருந்து வெளிச்சம் கோடு கோடாக இறங்கும். அந்தக் கோடுகளுக்குள் பஞ்சுத் தூசி மெல்ல நீந்தும். முதலாளி ஒரு டேப் ரெக்கார்டர் வாங்கி மாடக்குழியில் வைத்திருந்தார். கூரைச் சட்டத்தில் இரண்டு பெரிய ஸ்பீக்கர் பெட்டிகள் தொங்கும். எவ்வளவு சத்தம் வைத்தாலும் தறிகள் பாதியைத் தின்றுவிடும். கனத்த சத்தமெல்லாம் அடியில் போய்விடும். வயலின், குழல், பெண் குரலில் உச்சத்தில் போகும் இடம், இவை மட்டும் தறிச் சத்தத்துக்கு மேலே மிதந்துகொண்டு வரும். மீதியை நாங்கள்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும்.

நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். படித்த எழுத்து மறக்காமல் இருந்தது பாட்டுப் புத்தகத்தால்தான். சந்தையில், பஸ் நிலையத்தில், கொட்டகை வாசலில் விற்பார்கள். ரோஸ் நிறத்திலோ பச்சையிலோ மெல்லிய தாள். படத்தின் கதையைப் பாதி சொல்லி நிறுத்திவிடுவார்கள், மீதிக்குக் கொட்டகைக்குத்தான் போக வேண்டும். நான் போனதில்லை. பாட்டு இருக்கிற பக்கத்தை மட்டும் அடுப்பு எரியும் நேரத்தில் எழுத்துக் கூட்டிப் படித்து மனதில் ஏற்றிக்கொண்டு, காலையில் தறிக்குப் போய் மெட்டோடு சேர்ப்பேன். எங்கேயோ இருக்கும் பட்டணத்தில் யாரோ எழுதி யாரோ பாடியது, எங்கள் ஊர் அடுப்புப் புகையில் வந்து முழுசாகும்.

பாடினவர்களின் பெயர் ரேடியோவில் சொல்வார்கள். எனக்கும் தெரியும். ஆனால் வாயில் வராது. எங்கள் பக்கத்துப் பொம்பளைகள் புருஷன் பேரைச் சொல்லுவதில்லை அல்லவா, அந்தக் கூச்சம் எனக்குப் பாடகர்கள் வரைக்கும் நீண்டு கிடந்தது. பேர் சொன்னால் ஆளைக் கூப்பிட்டது போல ஆகிவிடும். அதனால் நானே பேர் வைத்துக்கொண்டேன். பால் குரல். கெட்டிக் குரல். காய்ச்சல் வந்து எழுந்தவர் மாதிரி ஒரு குரல் உண்டு, அது சன்னக் குரல். அவர்கள் முகம் எப்படி இருக்கும் என்று தெரியாது. நடிகைகளின் முகத்தை ஒட்டிப் பார்த்தால் ஒட்டவில்லை. பால் குரலுக்கு நான் ஒரு வீடு கட்டிக் கொடுத்திருந்தேன். முற்றத்தில் செம்பருத்தி. வாசலில் துவைத்த சேலை காய்கிறது. கெட்டிக் குரல் அந்தப் பக்கமாக சைக்கிளில் போகிறது. இரண்டு பேரும் சேர்ந்து பாடும் பாட்டில் அவர்களுக்குள் எல்லாம் சரியாகிவிடும், அடுத்த பாட்டில் மறுபடி கோபம். எங்கள் மேஸ்திரிதான், தறி ரிப்பேர் பார்க்கிறவர், ஒருநாள் அதையும் கெடுத்தார்.

"அவுங்க ரெண்டு பேரும் பாத்துக்கறதே இல்லையாமா. அது ஒரு நாளைக்கு வந்து பாடிட்டுப் போகுமாம், இவரு ஒரு நாளைக்கு. அப்பறம் ஒட்டிப்போடுவாங்களாம். நம்ம தறியில பாவு நூல ஒட்டற மாதிரி."

எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

வோல்டேஜ் குறையும் நாட்கள் இன்னும் விசேஷம். தறி தூக்கக் கலக்கத்தில் நடக்கும். டேப்பும் மெதுவாகும். பால் குரல் இழுபட்டு, கனத்து, ஆம்பளைக் குரலாக மாறி, கிணற்றுக்குள் இருந்து பாடுவது போல வரும். அந்த நேரத்தில் தறியில் நூலைக் கொண்டு ஓடும் நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் நான் நின்றுகொண்டே எங்கோ போய்விடுவேன். வோல்டேஜ் ஏறியதும் எல்லோரும் ஒன்றாக விழித்துக்கொள்வோம், பாட்டும்தான்.

பட்டறையில் பாடாதவர் யாரும் கிடையாது. எல்லார் வாயும் அசையும். அதில் எனக்குக் கூச்சமில்லை, ஏனென்றால் அங்கே பேச்சே உதட்டில்தான். நாடாவில் போடும் நூல் தார் தீர்ந்தது, டீ வந்தது, முதலாளி வருகிறார், எல்லாம் சத்தமில்லாமல் வாயசைத்துச் சொல்வோம். எதிராளி உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். கூச்சம் எல்லாம் குரலில்தான். வீட்டில் நான் தாலாட்டுகூட வாய்க்குள்தான் முனகியிருக்கிறேன். தறி ஓடும்போது மட்டும் அடிவயிற்றில் இருந்து எடுத்துப் பாடுவேன். எனக்கே என் குரல் கேட்காது. நெஞ்சு அதிர்வதில்தான் தெரியும். ஊரில் யாருக்கும் தெரியாமல் ஒரு நகை செய்து ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டிருப்பது மாதிரி இருந்தது அது.

ஒரு மாசி மாதத்து மத்தியானம். பால் குரல் தனியாகப் பாடும் பாட்டு, மழைக்குக் காத்திருக்கிறவள் பாடுவது. இரண்டாவது சரணத்தில் ஒரு படி ஏறி, அங்கேயே நின்று, இன்னும் ஒரு படி ஏறும். நான் அறுந்த இழையை முடிச்சுப் போடத் தறிக்குள் குனிந்திருந்தேன். கரண்டு போய்விட்டது. தறிகள் ஒரு மூச்சு இழுத்து நின்றன. டேப்பும் இழுத்து நின்றது. நான் நிற்கவில்லை. பஸ் நின்ற பிறகும் உடம்பு முன்னால் போகுமே, அப்படி அந்த வரி முழுவதையும் பாடி, மேல் படியில் ஏறி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன்.

அத்தனை அமைதி அந்தப் பட்டறைக்குள் இருந்ததே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேஸ்திரி ஸ்பேனரைக் கீழே வைத்தார். "ஏம் புள்ள, கரண்டு போயும் உனக்கு மட்டும் ஓடுது? பேட்டரி கீது போட்டிருக்கறயா?"

பட்டறையே சிரித்தது.

"இத்தன நாளா டேப்புன்னு நெனச்சுட்டு இருந்தமே, அது இந்தப் புள்ளதானாட்ட இருக்குது!" என்றார் மூலைத் தறிக்காரர்.

"மொதலாளிகிட்டச் சொல்லுங்க, டேப்ப வித்துப்போடலாம்!"

யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்குத்தான் காது மடல் எரிந்தது. தொட்டியில் முகம் கழுவுகிற சாக்கில் வெளியே போய், கரண்டு வந்து தறி ஓடுகிற வரைக்கும் அங்கேயே நின்றேன். அன்றிலிருந்து எனக்கு பேட்டரி என்று பேர் ஆகிவிட்டது. "பேட்டரிக்கு ஒரு டீ!" "பேட்டரி, பாவு தீந்துச்சு பாரு!"

என் வீட்டுக்காரர் அதே பட்டறையில் ராத்திரி ஷிப்டு. நான் வெளியே வரும்போது அவர் உள்ளே போவார். பட்டறை வாசலில்தான் வீட்டுச் சாவி கைமாறும். மறுநாள் சாவியைக் கொடுத்துவிட்டு அவர் நகராமல் நின்றார்.

"நல்லாப் பாடுனியாமே?"

நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன்.

"என்ன பாட்டு?"

"ஒண்ணுமில்லீங்க, நேரமாச்சு, போங்க."

வீட்டில் ஒரு நாளும் கேட்காத குரலை ஊரார் கேட்டுவிட்டார்களே என்று அவர் முகத்தில் சின்னதாக ஒரு குறை இருந்தது. அதையும் நான் சேர்த்துச் சுமந்துகொண்டு நடந்தேன்.

அதற்குப் பிறகு பாட்டு வரவில்லை. தறி ஓடியது, டேப் ஓடியது, என் பல் மட்டும் கடித்துக்கொண்டது. ஒரு தரம் மனசைத் தேற்றிக்கொண்டு வாயைத் திறந்தேன். உடனே மூடிக்கொண்டேன். இப்போது கரண்டு போய்விட்டால்? இதோ போகப்போகிறது. அந்த நினைப்பிலேயே ஷிப்டு முடியும். பாட்டு இல்லாத ஷிப்டு எவ்வளவு நீளம் என்று சொன்னால் நம்பமாட்டார்கள். செம்பருத்தி வீடும் சாத்திக் கிடந்தது. பங்குனி போய் சித்திரை வந்தது. புதுப் பாட்டுகள் வந்தன. வார்த்தைகளை ஏற்றிக்கொண்டேன், பாடவில்லை. இனிமேல் இப்படியேதான், எனக்குப் பாட்டு போய்விட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன்.

என் தறிக்கு நேர் எதிரே தார் சுற்றும் மிஷினில் ஓர் அக்கா உட்கார்ந்திருப்பார். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். வெற்றிலைக் கறை படிந்த பல், எப்போதும் சிரித்த முகம், அதிகம் பேசமாட்டார். ஒருநாள் வேலை முடிந்து ஏரிக்கரை வழியாக வரும்போது பின்னாலேயே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏஞ் சாமி, நீ வாய மூடிக்கிட்ட?"

"சும்மாதானுங்க்கா," என்றேன் ஏரியைப் பார்த்துக்கொண்டு.

அக்கா என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார். "இங்க பாத்துச் சொல்லு."

"சும்மாதான்."

"எனக்குக் காது போயி ரொம்ப நாளாச்சு கண்ணு," என்றார். தலைவலி என்று சொல்வது போல அத்தனை லேசாகச் சொன்னார். "மொதல்ல ரேடியோ போச்சு. அப்பறம் கோழி கூவறது. அப்பறம் எம் மவன் கூப்பிடறது. பட்டறைக்குள்ள வந்துட்டா எல்லாருஞ் செவிடுதான? அங்க எனக்கு ஒரு கொறையும் தெரியறதில்ல. ஒருத்தருக்கும் தெரியாது, நீயுஞ் சொல்லிப்போடாத."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கரண்டு போன அன்று எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியபோது அக்கா மட்டும் தார்க் குச்சியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் சிரிப்பதைப் பார்த்த பிறகுதான் சிரித்தார்.

"பழைய பாட்டெல்லாந் தலைக்குள்ள கெடக்குது. புதுசு எல்லாம் எனக்கு உன்ற வாயிலதான் வரும். நீ மூடுன நாள்ல இருந்து எனக்குப் புதுப்பாட்டு ஒண்ணுங் கெடையாது."

"மத்தவங்களும் பாடறாங்களேக்கா?"

"அவனுங்க பாடறானுங்களா? சோளக் கதிரக் கடிக்கற மாதிரி இருக்குது. ஒரு எழவும் புரியறதில்ல. நீதான் தெளிவு. ஆம்பள பாடறப்பத் தாடைய உள்ள இழுத்துக்குவ. பொம்பளன்னா புருவம் ஏறும். ரெண்டு பேருஞ் சேந்து பாடறப்ப உன்றபாடு சிரிப்பா இருக்கும்."

நான் ஏரிக்கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒருத்தரும் அறியாத நகை என்று நான் நினைத்திருந்ததை இந்த அம்மா தினமும் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். ஆனால் அதிசயமாக வெட்கம் வரவில்லை. என் குரல் அவருக்குக் கேட்டதே இல்லையே.

மறுநாள் அக்காவுக்காக வாயைத் திறந்தேன். குரல் எடுக்கவில்லை, வெறுமனே வார்த்தைகளை உதட்டில் வைத்தேன். கேட்காதவருக்கு எதற்குக் குரல் என்று கணக்கு. அக்கா சற்று நேரம் பார்த்தார். பிறகு ஒரு வெறும் தார்க் குச்சியை எடுத்து என் மேல் எறிந்தார். 'பொய்' என்றது உதடு. தன் கழுத்தைத் தொட்டுக் காட்டி, இல்லை என்று கையை ஆட்டினார். எனக்குப் புரிந்தது. குரல் எடுத்தால்தான் கழுத்து நரம்பு எழும், நெஞ்சு ஏறி இறங்கும். மூச்சு எங்கே முடிகிறதோ அங்கே கண் சுருங்கும். அதையெல்லாம் சேர்த்துத்தான் அக்கா பாட்டு என்று கேட்டிருக்கிறார். நான் கொடுத்தது அவருக்கு வெறும் மனப்பாடம். எத்தனை நாள் முயற்சி செய்தும் அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அக்காவும் பார்ப்பதை விட்டுவிட்டார். தலையைக் குனிந்து தார் சுற்றினார். அதுதான் என்னைத் தின்றது.

அம்மன் பண்டிகைக்குச் சேலத்தில் இருந்து ஆர்கெஸ்ட்ரா வந்தது. அக்காதான் என்னை இழுத்துக்கொண்டு போனார். பாடுகிறவளின் வாயை நேரே பார்த்தால் புதுப் பாட்டெல்லாம் ஒரே சாயங்காலத்தில் கிடைத்துவிடும் என்று அவருக்கு ஆசை. வெயில் தாழுமுன்னே மேடைக்கு முன்னால் சாக்கை விரித்து இடம் பிடித்துவிட்டோம்.

விளக்குப் போட்டதும் மேடை மிதக்கிற மாதிரி ஆகிவிட்டது. ஜிகினாச் சட்டை போட்டவர்கள், இரண்டு அடுக்கு கீபோர்டு, புதிதாக வந்த எலக்ட்ரிக் டிரம். நடுவில் ஒரு பெண். வெளிர் நீலச் சேலை, ஒரு கையில் மடித்த கைக்குட்டை. ஆம்பளைப் பாடகர் மேடை முழுக்கத் துள்ள, அவள் பஸ்ஸுக்கு நிற்கிறவள் போல ஆடாமல் அசையாமல் நின்றாள். பாட்டுக்கு நடுவில் பிளாஸ்கில் இருந்து வெந்நீர் ஊற்றிக் குடித்தாள். யாரிடமோ ஏதோ சொன்னபோது பேச்சுக் குரல் கரகரத்தது. அப்புறம் கண்ணை மூடினாள், அச்சு அசலாகப் பால் குரலே வந்தது. ஒரு பாட்டு மனுஷத் தொண்டையில் இருந்து புறப்படுவதை நான் முதன்முதலாகப் பார்த்தேன். கழுத்தில் பச்சை நரம்பு துடித்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்து, மேடையும் விளக்கும் கலங்கித் தெரிந்தன.

அக்கா என் தொடையைக் கிள்ளினார்.

"என்னடி இவ, மைக்க வாய விட்டு எடுக்கவே மாட்டீங்கறா? குச்சி ஐஸ் திங்கற மாதிரி வெச்சுட்டிருக்கறா!"

உண்மைதான். மைக் மூக்குக்குக் கீழே எல்லாவற்றையும் மறைத்திருந்தது. அக்கா இந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தார், அந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தார்.

"கொஞ்சம் எறக்கச் சொல்லேன்."

"நா எப்பிடீக்கா சொல்லுவேன்?"

அந்த வருஷத்தில் எல்லார் வாயிலும் இருந்த பாட்டைத் தொடங்கினார்கள். முதல் இசை எழுந்ததுமே கூட்டம் விசிலடித்தது. நான் வாயை மூடிய பிறகு வந்த பாட்டு அது. அக்காவுக்குத் தெரியாது. சுற்றி எல்லோரும் தலையாட்டுவதையும் கை தட்டுவதையும் மாறி மாறிப் பார்த்தார். கல்யாண வீட்டில் யாரும் சாப்பிடக் கூப்பிடாதவர் முகம் போல இருந்தது. பிறகு எழுந்து, திரும்பி, மேடைக்கு முதுகைக் காட்டி, என் முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"பாடு."

"அய்யோ அக்கா, எல்லாரும் பாக்கறாங்க."

"பாத்தாப் பாக்கட்டும். எனக்குக் கேக்கோணும்."

எனக்குப் பின்னால் இருந்த அம்மா எட்டி அக்காவின் தோளைத் தட்டினார். "ஏனுங்க, மேடை அக்கட்ட இருக்குதுங்க!"

"எனக்கு இக்கட்டதானுங்க!" என்றார் அக்கா.

நான் உதட்டை அசைத்தேன். அக்கா தலையை ஆட்டினார். கையை நீட்டி, நூல் பிடித்துக் காய்த்த இரண்டு விரலை என் தொண்டையில் வைத்தார். அத்தனை பேர் நடுவில். விரல் சுடச்சுட இருந்தது. அங்கே ஒன்றும் அசையவில்லை என்று அவருக்குத் தெரிந்தது, அவர் முகத்தில் அது எனக்குத் தெரிந்தது.

எப்படி வந்தது என்று இன்றுவரை சொல்லத் தெரியவில்லை. கண்ணை மூடவில்லை, அக்காவின் முகத்தையே பார்த்தேன். பல்லவியின் இரண்டாவது வரியில் குரல் வெளியே வந்துவிட்டது. முதலில் கோணலாக, பிறகு நேராக. ஸ்பீக்கர் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று சமாதானம் செய்துகொண்டேன். அக்காவின் புருவம் என் புருவத்தோடு ஏறியது. அவர் உதடும் லேசாகச் சேர்ந்தது.

அந்தப் பாட்டில் சரணம் முடியும் இடத்தில் வாத்தியம் எல்லாம் விலகிவிடும். குரல் மட்டும் தனியே போகும். எனக்குத் தெரியும் அந்த இடம் வருகிறது என்று. நிறுத்தத்தான் நினைத்தேன். அக்காவின் விரல் தொண்டையிலேயே இருந்தது. டிரம் நின்றது, கீபோர்டு நின்றது. மேடையில் ஒரு குரல், கீழே ஒரு குரல்.

பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பினார்கள். கடலை வண்டி அருகே நின்ற மேஸ்திரியும் திரும்பினார். வாயில் போட்ட கடலை மெல்லாமல் அப்படியே நின்றது. இதோ, பேட்டரி என்று கத்தப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கத்தவில்லை. பட்டறையில் பேசுவது போலச் சத்தமில்லாமல், உதட்டை அகல அகல விரித்துச் சொன்னார்:

'நிறுத்திப்போடாத.'

நான் நிறுத்தவில்லை.

பாட்டு முடிந்தது. கூட்டம் மேடையைப் பார்த்துத் தட்டியது. அக்கா என்னைப் பார்த்துத் தட்டினார். வெற்றிலைப் பல் முழுக்கத் தெரிந்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, நேரத்தை வீணாக்கக் கூடாது என்பது போல உடனே கேட்டார்:

"இதுக்கு முன்னால வந்ததெல்லாம் நா உட்டுட்டனே. சித்திரையில ஒண்ணு வந்துச்சாமே, அதப் பாடு."

மேடையில் அதற்குள் கெட்டிக் குரல் பாட்டு ஒன்று ஆரம்பித்துவிட்டது. கூட்டம் எழுந்து ஆடியது. நான் அதைப் பாடவில்லை. அக்கா கேட்ட பாட்டை அதன் முதல் வரியில் இருந்து தொடங்கினேன்.